ஈசானி மூலை

தூக்குச் சட்டியில் கூழை ஊற்றி, மேல்தட்டில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை வைத்து அம்சா ஆத்திரத்தோடு அடித்து மூடினாள். வீட்டில் இருக்கிற புருஷனுக்குச் சோறு போடலாம். வேலைக்குப் போன புருஷனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பலாம். தன்னுடையது என்று எந்த ஆபீஸும் ஒப்புக்கொள்ளாத ஒரு பொட்டலில், எவனோ வாட்ச்மேனின் தயவில் தர்பூசணி போட்டுக்கொண்டு, வாரத்தில் பாதி நாள் அங்கேயே கொட்டாய் கட்டிக் கிடக்கிற புருஷனுக்குப் படூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சோறு கொடுக்க வேண்டிய தலையெழுத்து அந்தச் சீமையில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

இன்றைக்கு அவள் போவது சோறு கொடுக்க மட்டும் இல்லை. கையெழுத்து வாங்க. இன்றைக்கு வாங்காவிட்டால் இந்தப் பங்குனியோடு தன் வீட்டுக்குத் தானே போக வழி இருக்காது.

படூரில் ரோடு அகலமாகி, காலேஜும் கம்ப்யூட்டர் கம்பெனியும் அடுக்குமாடியும் வரிசை கட்டி வந்த வருஷத்தில் முனிசாமியின் ஏரிக்கரை நிலம் போனது. விற்றான். அந்த வருஷம் விற்காதவன் யார்? பணம் வந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். பூர்வீக மனையின் பின்பக்கத்தில் மெத்தை வீடு எழும்பியது. மிச்சத்தை என்ன செய்வது என்று இவர்கள் யோசிப்பதற்கு முன்பே, வாசலில் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பிரவின்குமார் வந்துவிட்டான். நல்ல பையன்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"ஐயா, தனியா ஒரு கிரவுண்டு வாங்கினீங்கன்னா வில்லங்கம், வேலி, வரின்னு எல்லாம் உங்க தலைவலி. எங்க டிரஸ்ட்ல யூனிட் வாங்குங்க. எல்லார் பணத்தையும் சேர்த்து மாமல்லபுரம் பக்கம் அறுபது ஏக்கர் ஒரே பிளாக்கா வாங்கியிருக்கோம். நிலத்து விலை ஏறினா உங்க யூனிட் விலையும் ஏறும். நீங்க வீட்ல உக்காந்திருந்தா போதும்."

முனிசாமி கேட்டது ஒரே கேள்விதான். "நெலம் கீதா, இல்ல காயிதம் மட்டுமா?"

"இருக்குங்க ஐயா. வண்டியில கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

காட்டினான். அதுதான் அவன் செய்த தப்பு. காட்டாமல் விட்டிருந்தால் முனிசாமி அந்தப் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்திருப்பான். நிலத்தைக் கண்ணால் பார்த்த குடியானவன் சும்மா இருப்பானா?

யூனிட் என்று பிரவின்குமார் சொன்னதை முனிசாமி கூட்டுப் பட்டா என்று எடுத்துக்கொண்டான். இந்தப் பக்கத்தில் அப்படித்தான். அண்ணன் தம்பி நாலு பேர் பேரில் ஒரே பட்டா இருக்கும். பாகப்பிரிவினை என்று பத்திரம் எழுதியிருக்க மாட்டார்கள். எவன் எந்த மூலையில் ஏர் கட்டுகிறானோ அந்த மூலை அவனுடையது. ஒரு போகம் சும்மா போட்டவன் பாகம் அடுத்த போகத்தில் பக்கத்துப் பாகத்துக்காரன் வரப்புக்குள் போய்விடும். அப்பன் காலத்திலிருந்து அவன் பார்த்த சட்டம் அது. அறுபது ஏக்கர், இத்தனை பேர் பங்கு, எவனும் எதுவும் விதைக்கவில்லை என்றதும் அவனுக்கு அந்த மடத்தனத்தைப் பொறுக்க முடியவில்லை. முதல் வருஷம் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். இரண்டாம் வருஷம் ஈசானி மூலையில் ஒரு கல்லை நட்டான். மூன்றாம் வருஷம், மார்கழி பிறந்ததும், மணலில் ஊற்றுக்குழி தோண்டி, பாத்தி கட்டி, தர்பூசணி விதையை ஊன்றிவிட்டான்.

"அது ஒன்து இல்லய்யா," என்று அம்சா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "எல்லாரும் சேந்து வாங்குனது. ஒன்துன்னு தனியா ஒரு புடி மண்ணு கெடையாதுன்னு அந்தத் தம்பி எத்தினி வாட்டி சொல்லிச்சி."

"அதுக்கு இன்னா தெரியும்? படிச்சவன் வந்து பாகம் கேக்கும்போது வெள்ளாம நிக்கறவன் கையிலதான்டி நெலம். நீ வாய வெச்சிகினு சும்மா கெட."

இதோடு போயிருந்தால் பைத்தியம் என்று விட்டிருப்பாள். தை மாதத்தில் பன்னீர்செல்வம் வந்து சேர்ந்தான். முனிசாமியின் தம்பி. முன்பக்கத்து மனையும் கிணறும் அவன் பாகம். இவர்கள் வீட்டிலிருந்து தெருவுக்கு வருவது அவன் மனையின் ஓரமாகத்தான். அதுவும் வாய்ப்பேச்சு வழிதான், எழுத்தில் கிடையாது. அவன் மனையை பிளாட் போடுகிறவனுக்குப் பேசி முடித்துவிட்டான்.

"அண்ணி, நா ஒளிச்சி செய்யல," என்றான் வாசலில் நின்றபடி. "வழியும் கெணறும் உங்களுக்கு வேணும்னா அத்த மட்டும் தனியா வெலைக்கு எழுதித் தர்றன். ஆனா பங்குனிக்குள்ள சொல்லிடணும். அதுக்கு மேல தாங்காது. வாங்கறவன் சுத்திக் காம்பவுண்டு போட்டுடுவான், அப்பறம் என்ன திட்டிப் பிரயோஜனம் இல்ல."

அவனைக் குறை சொல்ல அம்சாவுக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவன். அண்ணன் என்று முதலில் இங்கே வந்து சொன்னானே, அதுவே பெரிசு. பணத்துக்கு வழியும் தானாகவே வந்தது. நிலத்து விலையெல்லாம் விழுந்துகொண்டிருந்த வருஷம் அது. டிரஸ்ட்டில் பயந்துபோனவர்கள் யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம், மார்ச் மாதக் கடைசி வரை நேரம் என்று பிரவின்குமார் போன் பண்ணினான். போட்டதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனாலும் வழிக்கும் கிணற்றுக்கும் போதும். முனிசாமி ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

போடமாட்டேன் என்றான்.

"பூ வுட்டு பிஞ்சி புட்ச்சிகினு கீது. இப்ப போயி வுட்டுக்குடுன்னா?"

"வழிய அட்ச்சிட்டான்னா எப்பிடிய்யா வூட்டுக்கு வருவ?"

"நாப்பது வருசமா நடந்துகினு கீறோம். நடந்து நடந்து அது நம்மள்து ஆயிட்ச்சி. எவன் அடைப்பான்?"

இந்த மனுஷனிடம் எதைச் சொல்லி அழுவது? ஊர் நிலத்தை விதைத்துத் தன்னுடையது ஆக்குவான். தம்பி நிலத்தை நடந்து தன்னுடையது ஆக்குவான். பிளாட்டுக்காரன் ஆட்கள் வந்து நூல் பிடித்து, அவள் வாசல் கோலத்துக்கு ஒட்டி சிவப்புப் பெயின்ட் அடித்த கல்லை நட்டுவிட்டுப் போனபோதும் முனிசாமி ஊரில் இல்லை. தர்பூசணிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தான். அப்படித்தான் மாசி போயிற்று. பங்குனியும் பாதி தாண்டி, மார்ச் மாதத்தின் கடைசி நாள் வந்துவிட்டது.

திருப்போரூர் வழியாக வந்த பஸ்ஸில் மாமல்லபுரம் முனையில் இறங்கி, திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, வெயிலில் மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து அவள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது.

அறுபது ஏக்கரும் ஈச்சம்புதரும் கோரையுமாகப் பரந்து கிடந்தது. ஆள் நடமாட்டம் முழுக்க அந்த ஒரு மூலையில்தான். மூலை என்றால் மூலை இல்லை, கல்லுக்காடு. முனிசாமி நட்ட கல் ஒன்று. அதை ஒட்டி, அதற்கும் கொஞ்சம் மூலை தள்ளி, வேறு யாரோ நட்டது சில. இத்தனை பெரிய நிலத்தில் பங்கு வாங்கியவர்கள் எல்லாரும் தனக்கு என்று எடுத்துக்கொள்ள வந்தது ஈசானி மூலையைத்தான். நடுவில், கொடியைத் தள்ளிவிட்டு நட்டிருந்த கருங்கல் ஒன்று பளபளவென்று நின்றது. மாமல்லபுரத்துப் பட்டறையில் சொல்லிச் செய்த கல். 'சதாசிவம் – பார்வதம்' என்று அதில் அழகாக வெட்டியிருந்தது.

அந்தச் சதாசிவம் கல்லின் பக்கத்தில் தொப்பியோடு நின்றார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். கையில் திசை பார்க்கிற காம்பஸ்.

"முனிசாமி, நான் திரும்பவும் சொல்றேன். நீங்க காட்டற இடம் சரியான வடகிழக்கு இல்ல. காந்த ஊசி காட்டற வடக்கு வேற, நிஜமான வடக்கு வேற. கணக்குப்படி ஈசான்யம் இந்தக் கல் இருக்கற இடத்துலதான் வரும்."

"இன்னா கணக்கு? சூரியன் எங்க மொளைக்குதுன்னு எனக்குத் தெரியாதா? கொடிய எவன் நவுத்துனது, அத்த மொதல்ல சொல்லு சார். பிஞ்சோட கொடி. புள்ளத்தாச்சிய தள்ளி வுட்டாப்போல தள்ளி வுட்டுகீற."

"ஜாக்கிரதையாத்தான் நகர்த்தினேன்."

"நவுத்துனேன்னு ஒத்துகினியா? வாட்ச்மேனு, கேட்டுக்க."

வாட்ச்மேன் பீடி பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அறுக்கிற காய் பாதி அவனுக்கு என்று பேச்சு. அவனுக்கு எந்த மூலை யாருடையது என்பதில் அக்கறை இல்லை.

பனைமரத்து நிழலில் ஒரு அம்மாள் துண்டை விரித்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அம்சாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"நீங்க அவர் வீட்டம்மாவா? உக்காருங்க. நான் பார்வதம். அந்தத் தொப்பி எங்க வீட்டுக்காரர்."

அம்சா தூக்குச் சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "படிச்சவருதானம்மா? அவுருக்குமா புரியல?"

"எல்லாம் புரியும். லீகலா இந்தக் கல்லுக்கு மதிப்பே கிடையாதுன்னு எனக்கே ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தார். அப்பறம் ஏன் நடறீங்கன்னு கேட்டா, சும்மா ஒரு அடையாளத்துக்காம்." பார்வதம் அலுத்துப்போன குரலில் சொன்னார். "தங்கம்கூட வாங்கி வெச்சிருக்கார். ஈ.டி.எஃப்னு பேரு. கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கும், கழுத்துல போட முடியாது. அசல் தங்கம் பம்பாய்ல ஏதோ பெட்டகத்துல இருக்காம். ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாம்னு போன மாசம் ரயிலுக்கு டிக்கெட் விசாரிச்சார்."

"அப்ப எங்காளு பரவால்லமா," என்றாள் அம்சா. "பஸ்ஸுல போற தூரத்தோட நிறுத்திகிச்சி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததும் அம்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. வழியையும் கிணற்றையும் பன்னீர்செல்வம் கொடுத்த கெடுவையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பார்வதம் எலுமிச்சம் சாதத்தை ஒரு மூடியில் எடுத்து அவள் கையில் வைத்தார். அம்சா அதை அப்படியே கீழே வைத்தாள். கூழை ஊற்றி முனிசாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் ஒரு கையால் வாங்கிக் குடித்துக்கொண்டே, இன்னொரு கையால் சதாசிவத்தின் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தான், அது பாத்திக்குள் இன்னும் நடந்து வந்துவிடும் என்கிற மாதிரி.

உச்சி வெயில் சாய்கிற நேரத்துக்குப் பிரவின்குமார் பைக்கில் வந்து இறங்கினான். மூன்று வருஷத்தில் ஆள் இளைத்துக் கறுத்திருந்தான். கல்லுக்காட்டைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றான்.

"சார், ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். யாருக்கும் இங்க மூலை கிடையாது. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஒரு கல்லு முளைச்சா நான் மேல என்ன பதில் சொல்றது? ஒருத்தர் போன வாரம் பூசணிக்காய் உடைச்சு பூஜையே போட்டிருக்கார். இதெல்லாம் மொத்தமா எல்லாருக்கும் சொந்தம். தனித்தனியா யாருக்கும் இல்ல."

"அது எனக்குத் தெரியும்," என்றார் சதாசிவம்.

"தெரிஞ்சா கல்லைப் பிடுங்குங்க சார்."

"அவரை முதல்ல பிடுங்கச் சொல்லுங்க."

பிரவின்குமார் அவரோடு மல்லுக்கட்டாமல் அம்சாவிடம் வந்தான். "அம்மா, இன்னிக்குத்தான் கடைசி. நான் இந்தப் பேப்பரை சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ்ல சேர்க்கணும். இதை விட்டா மறுபடி எப்ப எடுக்க விடுவாங்கன்னு எனக்கே தெரியாது. ஐயாவைப் போடச் சொல்லுங்க."

அம்சா தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு புருஷன் எதிரில் போய் நின்றாள். "போடு."

"நா கையெழுத்து போட்டா இந்த மூல யாருக்குப் போவும்?" என்று முனிசாமி அவளைத் தாண்டிப் பிரவின்குமாரைக் கேட்டான்.

"யாருக்கும் போகாதுங்க ஐயா."

"பொய் சொல்ற. இந்த சாரு இங்கியே கல்ல புட்ச்சிகினு நிக்கறாரு. நா அந்தாண்ட போனதும் இந்தாண்ட வந்து பாத்தி கட்டிடுவாரு."

"எனக்கு விவசாயமே தெரியாது," என்றார் சதாசிவம்.

"அத்தான் சொல்றன். காஞ்சி பூடும். நா போட மாட்டன்."

அம்சாவுக்குக் காது அடைத்தது. தை மாதத்திலிருந்து கெஞ்சியாயிற்று, திட்டியாயிற்று, இரண்டு நாள் பட்டினி கிடந்து பார்த்தாயிற்று. பெண்ணைக் கூப்பிட்டு அழ வைத்தும் பார்த்தாள். எதற்கும் அசையாத மனுஷன். இன்றைக்கு இருட்டுவதற்குள் இது முடியவில்லை என்றால், பங்குனி முடிந்ததும் சிவப்புக் கல்லின் மேல் சுவர் எழும்பும். தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரான் வீட்டுக் கொல்லை வழியாக, அவன் எப்போது வெளியே போடி என்பானோ என்று பயந்து பயந்து அவள் தன் வீட்டுக்குப் போக வேண்டும். இத்தனையும் ஒரு தர்பூசணிக்காக. அவளுக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"யோவ்," என்றாள். "இது ஒன்து தானே?"

"என்துதான்."

"சத்தியமா ஒன்து?"

"இன்னாடி கேள்வி இது? என்து, என்து."

"அப்ப வித்துக் காட்டு."

முனிசாமி விழித்தான்.

"ஒன்து இல்லாத நெலத்த ஒன்னால விக்க முடியுமா? பன்னீரு மனைய நீ வித்துடுவியா? எதிர்வூட்டு மாட்ட வித்துடுவியா? கையெழுத்து போடுன்னு அந்தத் தம்பி யாரக் கூப்புடுது? இந்த சாரயா கூப்புட்ச்சி? ஒன்னத்தான கூப்புட்ச்சி? நீ போடலன்னா அப்ப இது ஒன்து இல்லன்னு நீயே ஒத்துக்கற. எனக்கு இன்னா, போடாத போ."

இதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் முனிசாமி கல்லிலிருந்து கையை எடுத்தான். பிரவின்குமாரைப் பார்த்தான்.

"நாந்தான் போடணுமா? வேற எவன் போட்டாலும் செல்லாதா?"

"செல்லாதுங்க ஐயா. நீங்கதான் போடணும்."

"இந்த சாரு போட்டா?"

"அவர் போட்டா அவரோட யூனிட்டுக்குத்தான். உங்களோடதுல யாராலயும் கை வைக்க முடியாது."

முனிசாமி சதாசிவத்தைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஜில்லா கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினவன் பார்வை அது. "கேட்டுகினியா சார்?" என்றான். பிறகு ஊற்றுக்குழிக்குப் போய்க் கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்தான். வேட்டியை இறக்கிவிட்டான். சட்டை இல்லையே என்று கொட்டாயில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டான். பைக் சீட்டின் மேல் தாளை வைத்து, பிரவின்குமார் விரலால் காட்டிய இடத்தில் எல்லாம் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டான்.

பார்வதம் எழுந்து வந்து அம்சாவின் தோளில் கை வைத்தார். பிரவின்குமார் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரும் மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட்டான்.

கொடி காய்ந்து போகக் கூடாதே என்று முனிசாமி சதாசிவத்தைக் கூப்பிட்டுப் பாத்தி பாத்தியாக அழைத்துப் போனான். "வெயிலு ஏறாம தண்ணி வுடு சார். கொடிய மெதிக்காத. காம்புகிட்ட கீற சுருளு காஞ்சிதுன்னா தட்டிப் பாரு. சத்தம் மந்தமா வந்தா அறு. கணீர்னு வந்தா வுட்டுடு." சதாசிவம் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து ஒரு காயைத் தட்டிப் பார்த்தார். முனிசாமி பக்கத்தில் உட்கார்ந்து இன்னொன்றைத் தட்டிக் காட்டினான். இருவரும் வெகுநேரம் காயாகக் காயாகத் தட்டிக்கொண்டு போனார்கள். கிளம்பும்போது சதாசிவம் அவனுக்குக் கைகொடுத்தார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அவன் உட்கார்ந்தான். அம்சா மனசுக்குள் பணத்தை வாங்கி, பன்னீர்செல்வத்திடம் கொடுத்து, திருப்போரூர் ரிஜிஸ்டர் ஆபீஸில் வழியையும் கிணற்றையும் எழுதி வாங்கி முடித்திருந்தாள். சிவப்புக் கல்லைப் பிடுங்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மூச்சு நிம்மதியாக வந்தது.

திருப்போரூர் தாண்டியதும் முனிசாமி பேசினான். வெளியே பார்த்துக்கொண்டேதான் பேசினான்.

"ஏரிக்கர நெலத்த விக்கசொல்ல எனக்கு ஒண்ணுமே தெர்ல அம்சா. வேற எங்கனா வாங்கிக்கலாம்னு இருந்துட்டன். இன்னிக்குத்தான் வித்தாப்போல கீது."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பின நாளில்கூட அம்சா இதைப் பார்த்ததில்லை.

"இன்னாத்துக்கு இப்ப அழுவற?" என்றாள், எரிந்து விழுவது போலத்தான் வந்தது குரல். "அதான் கெணறு வருதே. வழி வருதே. நம்ம பேருல, பத்திரத்தோட, ரோடு வரிக்கும். அது நம்ம எடம் இல்லியா?"

முனிசாமி ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினான்.

"வழியில இன்னாத்தடி வெதக்கறது?"

கேளம்பாக்கம் போயிற்று. படூர் படூர் என்று கண்டக்டர் குரல் கொடுத்தான். அம்சா தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முனிசாமி எழுந்திருக்கவில்லை. அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பி, படியில் தான் முதலில் இறங்கி, விடாமல் அவனைக் கீழே இறக்கினாள்.